இருமுறை பதிந்த எஃகு

1955-இல் அமெரிக்காவில் ஒரு பாக்கெட் சிகரெட் 23 சென்டுக்கு விற்றது. தானியங்கி எந்திரத்தில் 25 சென்ட் காசைப் போட்டால் பாக்கெட் வந்து விழும். மீதிச் சில்லறை தரும் வசதி அந்த எந்திரங்களில் இல்லை. அதனால் பாக்கெட்டைச் சுற்றிய கண்ணாடித் தாளுக்குள்ளேயே இரண்டு ஒற்றைச் சென்டுகளைச் செருகி வைத்திருப்பார்கள். பாஸ்டன் வட்டாரத்திலும் நியூயார்க் மாநிலத்தின் வடக்குப் பகுதியிலும் இப்படி வந்த சென்டுகள் சிலவற்றில் ஆண்டு எண் இரண்டிரண்டாகத் தெரிந்தது. லிங்கனின் தலைக்கு மேலே இருக்கும் வாசகமும், இடப்பக்கம் இருக்கும் 'லிபர்ட்டி' என்ற சொல்லும் அதேபோல இரட்டித்திருந்தன. லென்ஸ் எதுவும் தேவைப்படவில்லை. கையை நீட்டிப் பிடித்தாலே தெரிந்தது.

காரணம் பிலடெல்பியா நாணயச்சாலையில் ஓர் இரவுப் பணியில் நேர்ந்த பிசகு. ஓர் எந்திரத்தில் பூட்டியிருந்த அச்சு கோளாறானது என்று சோதனையாளர் கண்டுபிடிப்பதற்குள் ஏறத்தாழ 40,000 காசுகள் அடித்து முடிந்துவிட்டன. அவற்றில் 20,000 முதல் 24,000 வரை மற்ற எந்திரங்களில் அடித்த நல்ல காசுகளோடு ஏற்கெனவே கலந்துபோயிருந்தன. அவ்வளவையும் கொட்டிப் பொறுக்குவதென்றால் ஆள் கூலி காசின் மதிப்பைத் தாண்டிவிடும். கலக்காமல் நின்றவற்றை உருக்க அனுப்பிவிட்டு, கலந்ததைக் கலந்தபடியே வெளியே விட்டார்கள். அந்த ஆண்டு பிலடெல்பியா அடித்த சென்டுகள் சுமார் 33 கோடி. அதில் இந்த இருபத்துச் சொச்சம் ஆயிரம் எந்த மூலைக்கு என்று நினைத்திருக்கலாம். வட்டாரத்து நாணய வணிகர் ஒருவர் ஆரம்பத்தில் ஒன்றுக்கு 25 சென்ட் கொடுத்து வாங்கினார். இன்று புழக்கத்தில் தேய்ந்த ஒன்றுக்கே ஆயிரம் டாலருக்கு மேல் கேட்கிறார்கள்.

சேகரிப்பாளர்கள் 'டபுள் டை' என்று சொல்லும் வகையில் உலகப் புகழ் பெற்றது இந்தக் காசுதான். ஆனால் அதைப் பார்க்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் தவறாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். அலுவலகத்தில் ரப்பர் ஸ்டாம்பை இரண்டு முறை குத்தினால் எழுத்து இரட்டிப்பதுபோல, காசை இரண்டு முறை அடித்துவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். காசு ஒரே முறைதான் அடிபட்டது. இரண்டு முறை பதிந்தது அந்தக் காசை அடித்த அச்சு. தவறு காசுக்கு நேரவில்லை. காசு பிறப்பதற்கு முன்பே, எஃகில் நேர்ந்துவிட்டது. டபுள் டையை அடையாளம் காண்பதன் சூட்சுமம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கிறது. கையில் இருப்பது காசு. விசாரிக்க வேண்டியதோ எப்போதோ தேய்ந்து கழிந்துபோன ஓர் எஃகுத் துண்டை.

அச்சு எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் மற்றவை தானாக விளங்கும். அந்தக் காலத்தில் ஓவியர் பெரிய அளவில் ஒரு புடைப்புச் சிற்பம் செய்வார். அதைக் குறுக்குக் கடைசல் எந்திரம் தடவித் தடவிக் காசின் அளவுக்குச் சுருக்கி, எஃகில் செதுக்கும். இப்படி வரும் புடைப்பு எஃகுக்கு ஹப் என்று பெயர். காசில் எது மேடாக இருக்குமோ அது ஹப்பிலும் மேடு. ஹப்பை இன்னொரு எஃகுத் துண்டின் மேல் அழுத்தினால் பள்ளமான மூல அச்சு கிடைக்கும். அதிலிருந்து வேலைக்கான ஹப்புகள், அந்த ஹப்புகளிலிருந்து எந்திரத்தில் பூட்டும் அச்சுகள் என்று வம்சம் பெருகும். ஒரு காசை அடிக்க முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று என ஒரு ஜோடி அச்சு வேண்டும். லட்சக்கணக்கான காசுகள் அடித்த பிறகு அச்சு தேய்ந்துபோகும். தேய்ந்ததை எடுத்துவிட்டு அடுத்ததைப் பூட்டுவார்கள்.

சிக்கல் ஹப்பை அழுத்தும் இடத்தில்தான். எஃகை அழுத்த அழுத்த அது இறுகும். அந்தக் கால எந்திரங்களில் ஒரே அழுத்தில் படம் முழு ஆழத்துக்கு இறங்காது. ஆகவே ஒருமுறை அழுத்திவிட்டு, அச்சை உலையில் வைத்துச் சூடேற்றி மெல்ல ஆறவிட்டு, இறுக்கம் தளர்ந்த பிறகு மறுபடி அழுத்துவார்கள். இரண்டாம் முறை வைக்கும்போது ஹப் முந்தைய பள்ளத்தின் மேல் அச்சுப் பிசகாமல் உட்கார வேண்டும். மயிரிழை திரும்பினாலும் இரண்டு படங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிடும். 1955 அச்சில் நடந்தது அதுதான். இரண்டாம் அழுத்தில் ஹப் காசின் மையத்தைச் சுற்றிக் கொஞ்சம் திரும்பிவிட்டது. வட்டத்தைத் திருப்பினால் விளிம்பு அதிகம் நகரும், நடுப்பகுதி அவ்வளவாக நகராது. அதனால்தான் ஓரத்தில் இருக்கும் எழுத்தும் ஆண்டும் பளிச்சென்று பிரிந்தன, நடுவில் இருக்கும் லிங்கனின் முகம் பெரும்பாலும் ஒன்றாகவே நிற்கிறது. பின்பக்க அச்சு வேறு துண்டு. அதில் எந்தக் கோளாறும் இல்லை.

திரும்புவது ஒரு வகை. ஹப் பக்கவாட்டில் தள்ளி உட்காரலாம். விளிம்பில் ஒரு புள்ளியை மையமாகக் கொண்டு சுழலலாம். சாய்ந்து உட்காரலாம். இப்படி எட்டு வகுப்புகளாக அமெரிக்க ஆய்வாளர்கள் பிரித்திருக்கிறார்கள். எட்டையும் இங்கே அடுக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு வகுப்பைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இரண்டாம் அழுத்துக்கு எடுத்த ஹப்பே வேறு ஹப்பாக இருந்துவிடும் வகுப்பு அது. 1941-இன் கடைசியில் அந்த ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்குமான பத்து சென்ட் அச்சுகளை ஒரே பட்டறையில் செய்துகொண்டிருந்தார்கள். 1941 ஹப்பால் முதல் அழுத்து வாங்கிய ஓர் அச்சு உலைக்குப் போய்த் திரும்பி வந்தபோது யாரோ 1942 ஹப்பை வைத்து அழுத்திவிட்டார்கள். 2 என்ற எண்ணுக்கு இடப்புறம் 1 தனியாக நிமிர்ந்து நிற்கும். டென்வர் நாணயச்சாலைக்குப் போன ஓர் அச்சிலும் இதே கூத்து. காசு சேகரிக்காதவர்கூட இதைப் பார்த்தால் ஒரு நிமிடம் நின்று பார்ப்பார்.

இதே வகுப்பில் தெரிந்தே செய்ததும் உண்டு. 1878-இல் வெளிவந்த மார்கன் வெள்ளி டாலரில் முதலில் கழுகின் வாலில் எட்டு இறகுகள் இருந்தன. கழுகுக்கு ஒற்றைப்படையில்தான் இறகு வைப்பது வழக்கம் என்று விமர்சனம் எழுந்ததும் ஏழாகக் குறைத்தார்கள். ஏற்கெனவே எட்டு இறகு பதிந்திருந்த அச்சுகளைத் தூக்கி எறிய மனமில்லாமல் அவற்றின் மேலேயே ஏழு இறகு ஹப்பை அழுத்தினார்கள். அந்த அச்சுகளில் அடித்த டாலரைச் சாய்த்துப் பார்த்தால் ஏழு இறகுகளுக்கு அடியில் பழைய இறகுகளின் நுனிகள் எட்டிப் பார்க்கும்.

இனி கையில் லென்ஸை எடுத்துக்கொள்ளலாம். 10 மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் போதும். அதற்கு மேல் போனால் இல்லாததெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். ஒற்றை விளக்கைப் பக்கவாட்டில் வைத்துக் காசைச் சுற்றிச் சுற்றித் திருப்ப வேண்டும்.

உண்மையான டபுள் டையில் இரண்டு படங்களும் முழுப் புடைப்போடு, உருண்ட முதுகோடு நிற்கும். எழுத்தின் கால் முடியும் இடத்தில், இரண்டு படமும் பிரியும் மூலையில், சின்னதாக ஒரு வெட்டு தெரியும். ஒரு காலுக்குப் பதில் இரண்டு கால் இருப்பதால் வரும் பிளவு அது. எழுத்தின் மொத்த அகலம் கூடியிருக்கும். 1972 பிலடெல்பியா சென்டின் முதன்மை வகையை எடுத்து 'லிபர்ட்டி'யின் கடைசி எழுத்துகளைப் பார்த்தால் இது பாடப் புத்தகம்போல விளங்கும்.

மெஷின் டபுளிங் என்பது வேறு சங்கதி. எந்திரத்தில் அச்சு இறுக்கமாகப் பூட்டப்படாமல் ஆடினால், காசை அடித்த அடுத்த நொடியே, அது இன்னும் அச்சின் பிடியில் இருக்கும்போது, அச்சு ஒரு துள்ளுத் துள்ளிப் புதிய எழுத்தின் பக்கத்தைச் சீவிவிடும். சீவிய இடம் தட்டையாக, பளபளப்பாக, படிக்கட்டுபோலத் தாழ்வாக இருக்கும். புதிதாக எதுவும் சேர்ந்திருக்காது. இருந்த எழுத்திலிருந்துதான் கொஞ்சம் நசுங்கியிருக்கும். ஆகவே எழுத்து அகலமாவதற்குப் பதிலாக ஒல்லியாகும். வெட்டு இருக்காது. அடுத்த காசில் துள்ளல் வேறு மாதிரி இருக்கும். அதற்கடுத்த காசில் இல்லாமலே போகலாம்.

எனக்குப் பட்டவரை நிர்ணயமான சோதனை இந்தக் கடைசிக் குணம்தான். அச்சில் இருக்கும் பிழை, அந்த அச்சு அடித்த எல்லாக் காசிலும் அதே இடத்தில், அதே அளவில் இருந்தாக வேண்டும். ஒரு காசை மட்டும் வைத்துக்கொண்டு புதிய டபுள் டை கண்டுபிடித்துவிட்டேன் என்பவரிடம் இரண்டாவதைக் காட்டச் சொல்ல வேண்டும்.

இன்னும் இரண்டு போலிகள் உண்டு. அச்சு தேயத் தேய எழுத்தின் ஓரங்கள் கரைந்து பரவும். காசில் எழுத்து இரு பக்கமும் நிழல் தட்டியதுபோல் தடித்துத் தெரியும். 1955 சென்டிலேயே கடைசி 5 மட்டும் இப்படி இரட்டித்த காசுகள் ஏராளம். 'ஏழையின் டபுள் டை' என்று கிண்டலாகப் பெயர் வைத்து இன்றும் விற்கிறார்கள். சில டாலருக்கு மேல் பெறாது. இரண்டாவது, 1982 முதல் அமெரிக்கச் சென்டின் உள்ளே துத்தநாகம், மேலே மெல்லிய செம்புப் பூச்சு. அடி விழும்போது எழுத்தின் ஓரத்தில் பூச்சு கிழிந்து உள்ளிருக்கும் சாம்பல் நிறம் கோடாகத் தெரியும். அதையும் இரட்டிப்பு என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் உண்டு.

சான்பிரான்சிஸ்கோவின் 1969 சென்ட் இந்த எல்லா விஷயங்களையும் ஒரே காசில் சோதித்துப் பார்க்கிறது. அமெரிக்காவின் எல்லா நாணயச்சாலைகளுக்கும் அந்தக் காலத்தில் அச்சுகள் பிலடெல்பியாவில்தான் தயாராயின. எந்தச் சாலைக்குப் போகிறதோ அதன் எழுத்தை, அதாவது மின்ட் மார்க்கை, ஹப் வேலை முழுவதும் முடிந்த பிறகு, ஓர் ஆள் சிறு உளியை வைத்துச் சுத்தியால் தட்டிப் பதிப்பார். சான்பிரான்சிஸ்கோவுக்கு எஸ், டென்வருக்கு டி. 1969 எஸ் டபுள் டையில் ஆண்டும் வாசகமும் பிரமாதமாக இரட்டித்திருக்கும், ஆனால் எஸ் மட்டும் ஒற்றையாக நிற்கும். நிற்கத்தான் வேண்டும். அது ஹப்பில் இல்லாத எழுத்து, பிறகு வந்து சேர்ந்தது. எஸ் எழுத்தும் ஆண்டோடு சேர்ந்து அதே பக்கம் இரட்டித்திருந்தால் அது எந்திரத்தின் துள்ளல். கொஞ்சமும் யோசிக்காமல் கீழே வைத்துவிடலாம். அந்த ஆண்டு சான்பிரான்சிஸ்கோ சென்டுகளில் துள்ளல் சாதாரணமாகக் கிடைப்பதால் இந்த ஓர் எழுத்து பலருடைய பணத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

அந்தக் காசுக்கு இன்னொரு கதையும் உண்டு. அதே காலத்தில் 1969 என்று ஆண்டிட்ட, மின்ட் மார்க் இல்லாத டபுள் டை சென்டுகளைக் கள்ள அச்சில் அடித்துச் சிலர் புழக்கத்தில் விட்டிருந்தார்கள். அமெரிக்க ரகசியக் காவல்துறை அவர்களைத் தேடிக்கொண்டிருந்த வேளையில் உண்மையான எஸ் சென்டுகளும் கண்ணில் பட, அவற்றையும் கள்ளக் காசு என்று பறிமுதல் செய்தது. நல்ல காசு என்று தெரிந்தபோது அவற்றில் சில அழிக்கப்பட்டிருந்தன. மிஞ்சியவை மிகக் குறைவு. 2007-இல் பிரிக்காத ஒரு காசுச் சுருளிலிருந்து வெளிவந்த ஒன்று 2008 ஜனவரி ஏலத்தில் 1,26,500 டாலருக்குப் போனது.

மின்ட் மார்க்கைக் கையால் தட்டியதால் தனியாக ஒரு கிளையே முளைத்தது. முதல் தட்டு சாய்ந்துவிட்டால் மறுபடி தட்டுவார்கள். அடியில் பழைய எழுத்தின் வால் எட்டிப் பார்க்கும். 1909-இல் சான்பிரான்சிஸ்கோ சென்டின் ஓர் அச்சில் எஸ் எழுத்தைப் படுக்கவைத்துத் தட்டிவிட்டு, பிறகு நிமிர்த்தித் தட்டியிருக்கிறார்கள். 1944-இல் ஒரு சென்டில் டி எழுத்தின் அடியில் எஸ். 1990 வாக்கில் சென்டின் மின்ட் மார்க்கை மூல அச்சிலேயே சேர்த்துவிட்டதும் இந்தக் கிளையின் கதை முடிந்தது.

அச்சு வகை என்பது டபுள் டையோடு நிற்பதில்லை. ஓர் அச்சை மற்றோர் அச்சிலிருந்து பிரித்துக் காட்டும் எந்த அடையாளமும் வகைதான். இங்கே ஒரு விதியை மனதில் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அச்சில் பள்ளம் காசில் மேடு. அச்சின் மேல் கீறல் விழுந்தால் காசில் அது புடைத்த கோடாக வரும். அச்சு விரிசல் விட்டால் காசில் புடைத்த நரம்பு. காசின் மேல் யாராவது கீறினால் மட்டுமே பள்ளம். 1955 டபுள் டையைச் சரிபார்ப்பவர்கள் முதலில் இரட்டித்த பக்கத்தைப் பார்ப்பதில்லை. காசைத் திருப்பிப் பின்பக்கத்தில் 'சென்ட்' என்ற சொல்லின் கடைசி டி எழுத்துக்கு இடப்புறம் செங்குத்தாக ஓடும் மெல்லிய மேட்டுக் கோடுகளைத் தேடுகிறார்கள். அந்தப் பின்பக்க அச்சைத் தேய்த்துப் பளபளப்பாக்கியபோது விழுந்த கீறல்கள் அவை. முன்பக்க இரட்டிப்பைப் போலி செய்பவர்களில் பலர் பின்பக்கத்தைக் கவனிப்பதில்லை.

இதைவிடச் சுவையான சான்று 1937-ஆம் ஆண்டு டென்வரில் அடித்த ஐந்து சென்ட். அதன் பின்பக்கத்தில் ஒரு காட்டெருமை நிற்கும். அடிபட வேண்டிய வெற்று உலோக வட்டு இல்லாமல் எந்திரம் ஓடி இரண்டு அச்சுகளும் நேருக்கு நேர் மோதிக்கொண்டதில் ஏற்பட்ட காயத்தைத் தேய்த்து எடுத்த தொழிலாளி, எருமையின் முன்னங்கால் ஒன்றையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார். குளம்பு மட்டும் மிஞ்சியது. மூன்றுகால் எருமை என்று பெயர் பெற்ற இந்தக் காசைச் செய்வது எளிதென்று நினைத்து, சாதாரணக் காசில் காலைச் சுரண்டி எடுத்து விற்றவர்கள் நிறைய. ஆனால் அசல் காசில் எருமையின் வயிற்றுக்கடியிலிருந்து தரை நோக்கி வளைந்து இறங்கும் சிறு மேட்டுப் புள்ளிகளின் வரிசை ஒன்று உண்டு. சுரண்டுகிறவரால் உலோகத்தை எடுக்க முடியும், சேர்க்க முடியாது. அந்தப் புள்ளிகளில்தான் மாட்டிக்கொள்வார்.

ஹப் வருவதற்கு முந்தைய காலத்தில் வகை பிரிப்பது எல்லாவற்றையும்விடச் சுலபமாக இருந்தது. அமெரிக்காவின் முதல் சென்டுகளுக்கு ஒவ்வோர் அச்சையும் கைவேலையாகத் தனித்தனியே முடித்தார்கள். ஆகவே ஒவ்வோர் அச்சும் ஒரு வகை. பிலடெல்பியாவின் மருத்துவர் எட்வர்ட் மாரிஸ் 1869-இல் 1794 சென்டுகளை மட்டும் பட்டியலிட்டு ஒவ்வொரு முன்பக்கத்துக்கும் பெயர் வைத்தார். ஒரு பெண் முகம் சிங்காரி, மற்றொன்று இளந்தலை, இன்னொன்று தழும்பு விழுந்த தலை. மருத்துவர் வெறும் தேவதை முகங்களையா பார்த்துக்கொண்டிருந்தார் என்று சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தப் பெயர்களைச் சொன்னால் இன்றும் எந்த அச்சு என்று தெரிந்துவிடும். அதே 1794-இல் ஒரு பின்பக்க அச்சின் விளிம்புப் பற்களுக்கு இடையே 94 குட்டி நட்சத்திரங்களை யாரோ தட்டி வைத்திருக்கிறார்கள். ஆண்டையும் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கோ பொழுது போகவில்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

1949-இல் வில்லியம் ஷெல்டன் இந்தச் சென்டுகளின் வகைகளுக்கு எண் கொடுத்து நூல் எழுதினார். இன்றும் அவருடைய எண்ணைச் சொல்லித்தான் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். நாணயத்தின் தரத்தை 70 புள்ளி வரை அளக்கும் முறையும் அவர் தொடங்கியதே. அவர் மறைந்த பிறகு வேறொரு செய்தி வெளியே வந்தது. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்த உயர்ந்த சென்டுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையைச் சேர்ந்த மட்டமான சென்டுகளை அந்த இடத்தில் வைத்திருக்கிறார். வகை சரியாக இருந்ததால் பெட்டியில் ஒட்டிய சீட்டும் சரியாகவே இருந்தது. பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டபோதுதான் ஒவ்வொரு காசின் மேலும் இருந்த தனித் தழும்புகள் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தது. அச்சு வகை எண் ஒரு காசின் குலத்தைச் சொல்லுமே தவிர, ஆளைச் சொல்லாது.

வகைகளின் பட்டியல் இப்போது கைமீறிப் போய்விட்டது என்பது என் அபிப்பிராயம். மார்கன் டாலருக்கு லெராய் வான் ஆலனும் ஜார்ஜ் மாலிஸும் தொடங்கிய வரிசை ஆயிரக்கணக்கில் நீண்டிருக்கிறது. ஒரு கீறல், ஒரு புள்ளி, ஆண்டு எண்ணில் இம்மி இடமாற்றம் என்று ஒவ்வொன்றும் ஓர் எண் வாங்குகிறது. எந்த அச்சு எந்த அச்சோடு ஜோடி சேர்ந்தது, எது முதலில் தேய்ந்தது என்று நாணயச்சாலையின் வேலை முறையை மீட்டெடுக்க விரும்புகிறவருக்கு இது பொக்கிஷம். பண்டைக் கிரேக்க, ரோமானிய நாணய ஆய்வில் அச்சுகளை எண்ணித்தான் ஒரு நகரம் எவ்வளவு காசு அடித்தது என்று கணிக்கிறார்கள். விலை வேறு விஷயம். வெறும் கண்ணுக்குத் தெரிவதற்கே சந்தை பெரிய பணம் கொடுக்கிறது. 20 மடங்கு லென்ஸில் மட்டும் தெரியும் டபுள் டைக்கு எண் உண்டு, வாங்க ஆள் குறைவு.

வகைக்கும் விலைக்கும் இடையிலான இந்தக் குழப்பத்தின் உச்சம் 1922 சென்ட். அந்த ஆண்டு டென்வர் மட்டுமே சென்ட் அடித்தது. எனவே எல்லாவற்றிலும் டி இருக்க வேண்டும். சில அச்சுகளில் தேய்வாலும் அழுக்கு அடைத்ததாலும் டி மங்கிவிட்டது. ஓர் அச்சில் மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்கியபோது டி முழுக்க மறைந்துபோனது. அந்த அச்சோடு புதிய பின்பக்க அச்சைப் பூட்டினார்கள். ஆகவே முன்பக்கம் மழுங்கி, பின்பக்கம் கோதுமைக் கதிரின் கோடுகள்வரை கூர்மையாக இருக்கும் 1922 சென்டுக்கே பெரிய விலை. இரண்டு பக்கமும் மழுங்கியதற்கு அந்த மதிப்பு இல்லை. இல்லாத ஓர் எழுத்தின் விலையைக் காசின் மறுபக்கம் தீர்மானிக்கிறது.

நம் நாட்டுக் காசுகளுக்கும் இந்தப் பார்வை பொருந்தும். விக்டோரியா ராணியின் ரூபாயில் 1862 என்று போட்டதைப் பல ஆண்டுகள் மாற்றாமலே அடித்துக்கொண்டிருந்தார்கள். 1870களின் நடுவில்தான் உண்மையான ஆண்டுக்கு மாறினார்கள். பம்பாய் நாணயச்சாலை ஆண்டுக்கு மேலும் கீழும் சின்னப் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போனதால், புள்ளிகளையும் ராணியின் உடையிலும் பின்பக்கப் பூவேலையிலும் உள்ள நுண்ணிய மாற்றங்களையும் வைத்து வகை பிரிக்கிறார்கள். பார்க்க ஒன்றுபோலிருக்கும் இரண்டு 1862 ரூபாய்க்கு இடையே பல ஆண்டு இடைவெளி இருக்கலாம். சுதந்திர இந்தியாவின் காசுகளில் ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. 1985 ரூபாயில் எச் என்ற எழுத்து இருந்தால் அது பர்மிங்காமின் ஹீட்டன் ஆலையில் அடித்தது.

ஆனால் யூடியூபில் நம் ஆட்கள் 'டபுள் டை, லட்சக்கணக்கில் விலை' என்று தூக்கிக் காட்டும் எவர்சில்வர் காசுகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் எந்திரத் துள்ளல்தான். ஆண்டின் எண்கள் ஓரத்தில் தட்டையாக, படிபோல மின்னும். காணொளியை நிறுத்திப் பார்த்தாலே போதும். பழைய காசுகளையும் நோட்டுகளையும் விற்றுத் தருவதாகச் சொல்லி ரிசர்வ் வங்கியின் பெயரில் கட்டணம் கேட்கும் மோசடிகளைப் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை விட்டது. முன்பணம் கேட்பவர் எவராயினும் அவரிடம் காசு காட்ட வேண்டாம்.

1990களில் அமெரிக்க நாணயச்சாலை அச்சு செய்யும் முறையை மாற்றியது. உலைக்குப் போய்த் திரும்பும் வேலையே வேண்டாம், ஒரே அழுத்தில் முழுப் படத்தையும் இறக்கிவிடலாம் என்று எந்திரங்களை மாற்றினார்கள். இனி டபுள் டைக்கு வழியே இல்லை என்று நம்பியவர்களும் உண்டு. ஆனால் புதிய முறையில் அச்சுக்கான எஃகின் முகம் நடுவில் சற்றே கூம்பாகக் குவிந்திருக்கும். ஹப் முதலில் அந்தக் கூம்பின் நுனியைத்தான் தொடுகிறது. எஃகு லேசாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் நடுவில் ஒரு தடம் விழும், அழுத்தம் ஏற ஏற எஃகு நேராக நிமிரும், மீதிப் படம் சரியான இடத்தில் பதியும். முதல் தடம் அப்படியே தங்கிவிடும். பழைய டபுள் டைகள் ஓரத்து எழுத்துகளில் பளிச்சிட்டன. புதியவை காசின் நடுப்பகுதியில் ஒளிந்துகொள்கின்றன.

லிங்கன் பிறந்த 200-ஆம் ஆண்டுக்காக 2009-இல் நான்கு வெவ்வேறு பின்பக்கங்களோடு சென்ட் வெளியிட்டார்கள். அவற்றுள் ஒன்றில் இளம் லிங்கன் மரக்கட்டை மேல் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருப்பார். புத்தகம் பிடித்திருக்கும் கை சரியாகக் காசின் நடுவில் வந்துவிட்டது. சாய்ந்து உட்கார்ந்த எஃகுகளில் அங்கே ஒன்றன் பின் ஒன்றாகத் தடம் விழுந்ததில் இந்த ஒரு வடிவத்துக்கு மட்டும் டஜன் கணக்கில் டபுள் டைகள் பதிவாகியிருக்கின்றன. அந்தக் காசு கிடைத்தால் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் ஆண்டையோ வாசகத்தையோ பார்ப்பதில்லை. நேராக லென்ஸை வைத்து லிங்கனின் விரல்களை எண்ணுகிறார்கள்.